தங்கச்சி சின்னக் கல்லூரியில சேர்ந்து, பக்கத்துப் பல்கலைக்கழகத்தில விஞ்ஞானப் பாடம் எடுக்கலாமோ?

மல்லாவி வயற்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கு. மே 1க்கு முதல் பதில் அனுப்ப வேணும். அதாலதான் இங்க கேக்கிறன்.

தங்கச்சி ஏ.எல் கணிதப் பிரிவு. இணைந்த கணிதமும் பௌதிகவியலும் ஏ, இரசாயனவியல் பி. பல்கலைக்கழக அனுமதிக்கு எடுக்கிற இசட் புள்ளியைப் பாத்திட்டு, அறிவியல் நகரில இருக்கிற யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கிடைக்கும் எண்டு அவளுக்குப் படிப்பிச்ச சேர் சொல்லுறார். அது எங்களுக்குப் பக்கம். அம்மாவுக்கும் அதுதான் விருப்பம்.

இதுக்கிடையில அவள் தானே இன்ரர்நெற்றில தேடி விண்ணப்பிச்சு, அமெரிக்காவில மசாசூசெட்ஸ் மாநிலத்தில மவுண்ட் ஹோலியோக் எண்ட பெண்கள் கல்லூரியில முழு உதவிப்பணத்தோட இடம் எடுத்திட்டாள். அப்பா இல்லாத வீடு. நான் வயலைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டன். அவளாவது தான் நினைச்ச இடத்துக்குப் போகவேணும் எண்டு எனக்கு ஆசை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவும் ஏலாது.

அவளுக்குப் பௌதிகவியலும் இலத்திரனியலும்தான் உயிர். ஊரில ஆற்ற வீட்டு ரேடியோ பழுதாய்ப்போனாலும் இவளிட்டத்தான் வரும். மவுண்ட் ஹோலியோக்கில பொறியியல் பீடம் இல்லை. படிக்கிற பிள்ளையளும் ரெண்டாயிரம் சொச்சம்தான். கனடாவில இருக்கிற சித்தப்பா "பேரே கேள்விப்படாத கல்லூரிக்கு ஏன் பிள்ளையை அனுப்புறியள்" எண்டு கேக்கிறார். இவள் சொல்லுறாள், பக்கத்தில ஸ்மித் கல்லூரி, அமெர்ஸ்ட் கல்லூரி, பெரிய மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகம் எல்லாம் இருக்காம். எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டாம். மவுண்ட் ஹோலியோக்கில பதிஞ்சுகொண்டே மற்ற இடங்களில போய் விஞ்ஞானப் பாடம் எடுக்கலாமாம். குறொஸ்-ரெஜிஸ்ரேசன் எண்டு பேராம்.

இது உண்மையில நடக்கிற காரியமோ, இல்லாட்டி விளம்பரத்துக்கு எழுதிறதோ? மற்றப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக் காசு கட்ட வேணுமோ? உதவிப்பணம் வெட்டுப்படுமோ? அந்தப் பாடங்கள் பட்டத்தில சேருமோ? உண்மையாப் போய் வந்த ஆரும் இருந்தால் சொல்லுங்கோ.

அறிவியல்நகர் பெடியன்:

அண்ணா, நான் இங்க பொறியியல் பீடத்தில மூண்டாம் வருசம். அமெரிக்காவைப் பற்றி எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் ஒரு விசயத்தை முதலே விளங்கிக்கொள்ளுங்கோ.

தங்கச்சிக்கு "பொறியியலாளர்" எண்ட தகுதிதான் வேணும் எண்டால், பௌதிகவியல் பட்டத்தோட நாலைஞ்சு பொறியியல் பாடம் எடுத்தால் அது பொறியியல் பட்டமாகாது. தகுதி பாக்கேக்க, அந்தப் பட்டப்படிப்பு அங்கீகாரம் பெற்றதோ எண்டுதான் பாப்பினம். இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல, ஒரு நாட்டின்ர பொறியியல் பட்ட அங்கீகாரத்தை மற்ற நாடுகளும் ஏற்கிற வாஷிங்டன் உடன்படிக்கையில முழு உறுப்பாச் சேர்ந்தது. அமெரிக்காவில ஏபெற் எண்ட அமைப்புத்தான் பொறியியல் பட்டங்களுக்கு அந்த அங்கீகாரம் குடுக்கிறது. தனித்தனிப் பாடத்துக்கு அங்கீகாரம் எண்டு ஒண்டு இல்லை.

மற்றது, இங்க குடிசார், மின், கணினிப் பொறியியல் எல்லாம் இருக்கு. நல்ல விரிவுரையாளர்மார் இருக்கினம். வன்னிப் பிள்ளை வன்னியில படிச்சால் குறைஞ்சு போகாது. ஆனால் ஒண்டை ஒத்துக்கொள்ளத்தான் வேணும். ஒரு பீடத்துக்குள்ள வந்தால் அந்தப் பாதைதான். அறிவியல் நகரில பதிஞ்சுகொண்டு, ஏ9ஆல போய் பம்பைமடுவில வவுனியாப் பல்கலைக்கழகத்துப் பிரயோக விஞ்ஞான பீடத்தில ஒரு பாடம் எடுக்கிற வழக்கம் எங்களிட்ட இல்லை. எனக்கு வானியல் படிக்க எவ்வளவோ ஆசை.

துணுக்காய்க்காரி:

அண்ணா, நான் துணுக்காய். 2015இல போய் 2019இல மவுண்ட் ஹோலியோக்கில பௌதிகவியல் பட்டம் முடிச்சனான். இப்ப கிளிநொச்சியில ஏ.எல் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறன். உங்கட தங்கச்சி சொல்லுறது உண்மை. அந்தக் கூட்டு 1965இல இருந்து நடக்குது. நான் ஸ்மித்திலயும் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்திலயும் பாடம் எடுத்தனான். அந்தப் பல்கலைக்கழகத்தை அங்க எல்லாரும் யூமாஸ் எண்டுதான் சொல்லுவினம்.

காசுக் கதையை முதல் முடிச்சுவிடுறன். தவணைக் காலத்தில முழுநேர மாணவிக்கு மற்ற இடத்தில பாடம் எடுக்கத் தனிக் கட்டணம் இல்லை. கட்டணம் எல்லாம் சொந்தக் கல்லூரியோடதான், உதவிப்பணமும் அப்பிடியே இருக்கும். பாடமும் புள்ளியும் மவுண்ட் ஹோலியோக் பெறுபேற்றுப் பத்திரத்திலயே வரும். எஃப்-1 எண்ட மாணவர் விசாவுக்குத் தவணைக்குக் குறைஞ்சது 12 கிரெடிற் (பாடத்துக்குக் குடுக்கிற அலகு) வேணும், அதுக்குள்ளயும் இந்தப் பாடங்கள் சேரும்.

பஸ்ஸும் இலவசம். 38ஆம் இலக்க பஸ் அமெர்ஸ்ட், யூமாஸ் பக்கம் போகும். 39 ஸ்மித்துக்கு. யூமாஸுக்குப் போற தூரம் கிட்டத்தட்ட மாங்குளத்தில இருந்து மல்லாவிக்கு வாற தூரம்தான், நடுவில ஒரு மலைத்தொடரை வெட்டிப் போற பாதை. அரை மணித்தியாலத்துக்கு மேல பிடிக்கும். பனி கொட்டினால் இன்னும் பிந்தும்.

இனித்தான் நான் சொல்ல வந்த விசயம். தங்கச்சியை அந்தக் கல்லூரிக்கு அனுப்புங்கோ. ஆனால் பக்கத்துப் பெரிய பல்கலைக்கழகத்துக்காக அனுப்பாதேங்கோ. அந்தச் சின்னக் கல்லூரியின்ர ஆய்வுகூடத்துக்காக அனுப்புங்கோ. பெரிய பல்கலைக்கழகம் அதுக்குப் பிறகுதான்.

ஏன் எண்டு சொல்லுறன். 2009இல நான் ஒன்பதாம் வகுப்பு வயசு. செட்டிகுளம் முகாமில கூடாரத்துக்குள்ள படிச்சு, திரும்பி வந்து, ஏ.எல் எடுத்தனான். ஆய்வுகூடத்தில மேசை இருந்தது, சாமான் இல்லை. ஒலியின்ர வேகம் அளக்கிற பரிவுக் குழாயை நான் கரும்பலகையிலதான் கண்டனான். மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கிற அழுத்தமானியில சமநிலை நீளம் எடுக்கிறது எப்பிடி எண்டு பிசகாமல் எழுதுவன், கம்பியில சாவியை வைச்சு அழுத்திப் பாத்ததில்லை. ஏ.எல்லில செய்முறைக்குத் தனிப் பரீட்சை இல்லை, அமைப்புக் கட்டுரை வினாவில எழுதினால் புள்ளி வந்திடும். அப்பிடித்தான் எங்கட பக்கத்துப் பிள்ளையள் கனபேர் நல்ல புள்ளி எடுக்கிறம். உங்கட தங்கச்சி ரேடியோ திருத்திறவள் எண்டால் என்னைவிட முன்னுக்கு நிக்கிறாள். எண்டாலும் அளவீடு எடுக்கிறது, வழுவைக் கணக்கிடுறது, ஒரு வாசிப்பு ஏன் விலகி நிக்குது எண்டு யோசிக்கிறது, இதெல்லாம் ஒருத்தர் பக்கத்தில நிண்டு காட்டித்தான் வரும்.

மவுண்ட் ஹோலியோக்கில முதலாம் வருச ஆய்வுகூடத்தில கொஞ்சப் பிள்ளையள்தான். பேராசிரியை தானே மேசைக்கு மேசை வருவா. மின் சைகையைத் திரையில வரைஞ்சு காட்டிற அலைவுகாட்டியின்ர எந்த முனையை நிலத்தோட இணைக்கிறது எண்டதில தொடங்கி எனக்குச் சொல்லித் தந்தவ. ஒருநாள் என்ர வரைபில ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டு விலகி நிண்டது. அதை அழிக்க விடேல்ல. "இது ஏன் இங்க வந்தது எண்டு கண்டுபிடி" எண்டு சொல்லிப்போட்டு, பிள்ளையள் எல்லாம் போனாப் பிறகும் என்னோட இருந்தா. இணைப்புக் கம்பி ஒண்டு தளர்ந்திருந்தது. அந்தப் பின்நேரம்தான் நான் விஞ்ஞானம் படிக்கத் தொடங்கினது எண்டு இண்டைக்கும் நினைக்கிறன். அந்தக் கல்லூரியை 1837இல தொடங்கின மேரி லயன் தானே இரசாயனவியல் படிப்பிச்சவ. பெண்பிள்ளையள் கையால செய்து படிக்கவேணும் எண்ட எண்ணம் அங்க அவ்வளவு பழசு.

யூமாஸில முதலாம் வருசப் பாடம் எண்டால் பெரிய மண்டபம், நூற்றுக்கணக்கில பிள்ளையள். ஆய்வுகூடத்தைப் பட்டப்பின் மாணவர்தான் நடத்துவினம். அவையள் கெட்டிக்காரர்தான். ஆனால் எங்கட இடத்தில இருந்து போற பிள்ளை அந்தக் கூட்டத்துக்குள்ள வாய் திறக்காது. அதால முதலாம் வருசம் அங்க போகவே வேண்டாம். மூண்டாம் நாலாம் வருசப் பாடங்களுக்குப் போகட்டும். அப்ப வகுப்பும் சின்னன், பிள்ளைக்கும் கை ஓடும்.

ரேடியோவில விருப்பம் எண்டு வாசிச்ச உடன எனக்குச் சந்தோசமாப் போச்சு. அங்க வானியல் துறையைக் கல்லூரிகள் சேர்ந்துதான் நடத்துதுகள். யூமாஸ் ரேடியோ வானியலில பேர் போன இடம். 1974இல இன்னொரு விண்மீனோட சேர்ந்து சுத்திற துடிவிண்மீனை, அதாவது ஒழுங்கான இடைவெளியில ரேடியோத் துடிப்பு அனுப்பிற விண்மீனை, கண்டுபிடிச்ச ஜோசப் ரெய்லர் அப்ப அங்க பேராசிரியர், ரசல் ஹல்ஸ் அவரின்ர ஆராய்ச்சி மாணவன். 1993இல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு கிடைச்சது. மெக்சிக்கோவில 4,600 மீற்றர் உயர மலையில 50 மீற்றர் விட்டமுள்ள ரேடியோத் தொலைகாட்டி ஒண்டு நிக்குது. அதைக் கட்டினது யூமாஸும் மெக்சிக்கோ நிறுவனம் ஒண்டும். விண்ணில இருந்து வாற மெல்லிய சைகையைப் பிடிக்கிற வாங்கிகளில வேலை செய்யிற ஆக்கள் அந்த பஸ் போற தூரத்தில இருக்கினம். ஊரில ரேடியோ திருத்திற பிள்ளை அந்த ஆய்வுகூடத்துக்குள்ள போனால் வெளியில வரமாட்டாள். அறிவியல்நகர் தம்பி, உங்களுக்கும் வானியல் ஆசை எண்டு எழுதியிருக்கிறீங்கள். மேற்படிப்புக்கு அந்தப் பக்கம் யோசியுங்கோ.

இலத்திரனியல் சுற்றுப் பாடம் நான் எடுத்தது ஸ்மித்தில. அமெரிக்காவில பெண்கள் கல்லூரி ஒண்டு சொந்தமாப் பொறியியல் பட்டம் குடுக்கத் தொடங்கினது அங்கதான் முதல். 2004இல அவையின்ர முதல் அணி வெளியில வந்தது.

கரைச்சலும் இருக்கு, மறைக்க மாட்டன். மவுண்ட் ஹோலியோக்கில ஒரு பாடம் வழக்கமா 4 கிரெடிற். யூமாஸில கனக்கப் பாடம் 3தான், 3 எண்டே பதிவாகும். பட்டத்துக்கு 128 வேணும். இப்பிடிக் கனக்க எடுத்தால் கடைசியில ஒரு பாடம் கூட எடுக்க வேண்டி வரும், இதை முதல் வருசமே கணக்குப் பாக்கவேணும். கணினிப் பாடங்கள் மாதிரி எல்லாரும் விரும்பிற பாடத்தில முதலிடம் அந்த இடத்துப் பிள்ளையளுக்குத்தான். அதால பட்டத்துக்குக் கட்டாயமான எதையும் வெளியிடத்தை நம்பி வைக்கக் கூடாது. முற்படிப்பு என்ன முடிச்சிருக்கிறா எண்டு அங்கத்தைக் கணினிக்குத் தெரியாது. பேராசிரியருக்குத் தான் படிச்ச பாடங்களை எழுதி மின்னஞ்சல் போட்டு அனுமதி எடுக்கவேணும். எனக்கு எல்லாரும் மரியாதையாப் பதில் போட்டவை.

நேர அட்டவணைதான் பெரிய விசயம். கிழமையில மூண்டு நாள் வாற பாடத்தைவிட செவ்வாய் வியாழன் மட்டும் வாற பாடத்தை எடுக்கச் சொல்லுங்கோ, பஸ் நேரம் மிஞ்சும். சொந்தக் கல்லூரியில பிற்பகல் ஆய்வுகூடம் இருக்கிற நாளில காலமை வெளியில போகவே கூடாது. யூமாஸில இடைப் பரீட்சையளை இரவில வைக்கிற வழக்கமும் இருக்கு. தவணை தொடங்கிற நாளும் பரீட்சை நாளும் ரெண்டு இடத்திலயும் ஒண்டில்லை.

தம்பி சொன்ன பொறியியலாளர் கதை சரி, அதில மறுபேச்சு இல்லை. பாலம் கட்ட, மின் இணைப்புக்குக் கையெழுத்து வைக்க விருப்பம் எண்டால் அறிவியல் நகர்தான் நேர்ப் பாதை. ஒரு கருவி ஏன் அப்பிடி வேலை செய்யுது, அதைவிட நுட்பமா ஒண்டைச் செய்யலாமோ எண்டு கேக்கிற பிள்ளை எண்டால் மற்றது. மூண்டு வருசம் கல்லூரி, ரெண்டு வருசம் பொறியியல் பல்கலைக்கழகம் எண்டு ரெண்டு பட்டம் எடுக்கிற வழியும் அமெரிக்காவில இருக்கு. ஆனால் கல்லூரி குடுக்கிற உதவிப்பணம் அந்த மற்ற இடத்துக்கும் சேர்ந்து வரும் எண்டு நினைக்கக் கூடாது.

சித்தப்பாவுக்குச் சொல்லுங்கோ, இது அந்த ஒரு இடத்தில மட்டும் நடக்கிறதில்லை. வெல்ஸ்லி எண்ட பெண்கள் கல்லூரிப் பிள்ளையள் 1968இல இருந்து எம்.ஐ.ரி. எண்ட பேர்போன தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பாடம் எடுக்கினம்.

மல்லாவி வயற்காரன்:

அக்கா எண்டு சொல்லுறதோ தங்கச்சி எண்டு சொல்லுறதோ தெரியேல்ல, மிச்சம் நன்றி. பக்கத்து ஊரில இருந்து ஒராள் போய் வந்தது எங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கு. தங்கச்சிக்கு வாசிச்சுக் காட்டினன். அந்தத் தொலைகாட்டிக் கதை வந்த இடத்தில திரும்ப வாசிக்கச் சொன்னாள்.

இன்னும் ரெண்டு விசயம். அவள் ஏ.எல் முழுக்கத் தமிழிலதான் படிச்சவள். கல்லூரியில சமாளிச்சாலும், பஸ் ஏறிப் போய் முன்பின் தெரியாத இடத்தில இங்கிலீசில விரிவுரை கேட்டு விளங்குமோ? மற்றது, அம்மாவுக்கு இரவுப் பரீட்சை எண்ட உடன பயம் பிடிச்சிட்டுது. மசாசூசெட்ஸ் எங்க கிடக்கு எண்டே அவவுக்குத் தெரியாது.

ஓய்வுபெற்ற இரசாயனவியல் ரீச்சர், வவுனியா:

தம்பி, அம்மாவுக்குச் சொல்லுங்கோ, அந்த மாநிலம் எங்கட ஆக்களுக்கு அந்நியமான இடமில்லை. 1847இல வந்து மானிப்பாயில வைத்தியம் செய்து, எங்கட பிள்ளையளுக்குத் தமிழிலயே மருத்துவம் படிப்பிச்ச டொக்டர் சாமுவேல் கிறீன் அந்த மாநிலத்து வூஸ்டர் நகரத்துக்காரர். அங்க இருந்து வந்தவர் இங்க தமிழ் படிச்சு, இரசாயனவியலையும் தமிழில எழுதுவிச்சவர்.

பிள்ளை போக முதல் செய்ய வேண்டியது ஒண்டு இருக்கு. பக்கத்தில ஆய்வுகூடம் ஒழுங்கா இருக்கிற பாடசாலையில அதிபரிட்டக் கேட்டு, விடுமுறையில போய் அளவியையும் (பியூரெற்) குழாயியையும் (பிப்பெற்) கையில எடுத்து நியமிப்பு (ரைற்றேசன்) செய்து பழகட்டும். துளித்துளியா விட்டு முடிவுப் புள்ளியைப் பிடிக்கிறது கையில வரவேணும். சின்ன நீளங்களை அளக்கிற வேணியரும் நுண்மானித் திருகுக் கணிச்சியும் அப்பிடித்தான். எடுத்த வாசிப்பை எல்லாம் ஒரு கொப்பியில திகதி போட்டுப் பேனையால எழுதட்டும், பிழைச்சதை ஒரு கோட்டால வெட்டி விடட்டும், கிழிக்க வேண்டாம். வவுனியாப் பக்கம் வாறதெண்டால் இங்கயே எழுதுங்கோ, நான் வந்து நிண்டு சொல்லிக் குடுக்கிறன்.

துணுக்காய்க்காரி:

ரீச்சர் சொன்னதைக் கட்டாயம் செய்யுங்கோ அண்ணா. எனக்கு அப்பிடி ஒராள் கிடைக்கேல்ல.

இங்கிலீசுக்குப் பயப்பிட வேண்டாம், ஆனால் இப்பவே தொடங்கவேணும். நானும் தமிழ் மீடியம்தான். சமன்பாடு பலகையில ஏறின உடன பாதி விளங்கிடும். மற்றப் பாதிக்குக் காது பழகவேணும். எம்.ஐ.ரி. தன்ர பாடங்களை இன்ரர்நெற்றில இலவசமாப் போட்டிருக்கு, ஓப்பின்கோர்ஸ்வெயார் எண்டு தேடினால் வரும். விசையியல் விரிவுரையில தொடங்கட்டும், அது அவளுக்குத் தெரிஞ்ச பாடம், அதால பேச்சை மட்டும் கவனிச்சால் காணும். ரெண்டாம் வருசத்தில வெளியிடத்துக்குப் போக யோசிக்கேக்க, பதிய முதல் ஒருக்கா அந்தப் பேராசிரியரிட்டக் கேட்டு வகுப்பில சும்மா போய் இருந்து பாக்கட்டும். நான் அப்பிடிச் செய்துதான் எந்த வகுப்பு எண்டு முடிவெடுத்தனான்.

அம்மாவின்ர பயம் நியாயம். இரவில திரும்பி வாற கடைசி பஸ் எத்தினைக்கு எண்டு பாத்துப்போட்டுத்தான் பாடத்தைப் பதியவேணும். தனியாப் போற பிள்ளை இல்லை, அதே பாடத்துக்குக் கல்லூரியில இருந்து வேற பிள்ளையளும் போவினம். முதல் கிழமையே அவையளைத் தேடிப் பிடிக்கட்டும். நான் போன வகுப்புக்கு வியட்நாம் பிள்ளை ஒண்டும் வந்தவ. நாங்கள் ரெண்டு பேரும் பஸ்ஸுக்குள்ள இருந்தே பயிற்சிக் கணக்குச் செய்து முடிப்பம். அவ இண்டைக்கும் எனக்கு எழுதிறவ.

மே 1க்கு முதல் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கோ. உதவிப்பணம் நாலு வருசமும் அதே அளவில வருமோ, லீவு காலத்தில விடுதியில நிக்கலாமோ, விமானச் சீட்டும் மருத்துவக் காப்புறுதியும் அதுக்குள்ள அடங்குமோ, இவ்வளவையும் எழுத்தில கேளுங்கோ. பௌதிகவியல் துறைக்கும் தனியா ஒண்டு எழுதி, இலத்திரனியலில விருப்பமுள்ள பிள்ளையள் வழக்கமா எந்த எந்தப் பாடத்தை எங்க எடுக்கினம் எண்டு கேக்கச் சொல்லுங்கோ. அதைத் தங்கச்சியே தன்ர இங்கிலீசில எழுதட்டும், நீங்கள் திருத்த வேண்டாம். தொலைபேசியில கதைக்கிறதெண்டால் இப்ப அங்க எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு. இரவு ஏழரைக்கு எடுத்தால் அங்க காலமை பத்து மணி, கந்தோரில ஆக்கள் இருப்பினம்.